பனிக்காலத்தில் காளான் தேடப் போகிறவர்களுக்கு

ஊரில் இடி இடித்த மறுநாள் புற்றுக்காளான் தேடி ஓடிய ஆள் நான். இங்கிலாந்துக்கு வந்த புதிதில், இலையெல்லாம் கொட்டிய காட்டில் என்ன கிடைக்கும் என்று நினைத்தேன். முப்பது குளிர்காலம் நடந்து பார்த்தபின் சொல்கிறேன், பிள்ளைகளே: பழகத் தொடங்க இதுதான் நல்ல பருவம். வகைகள் குறைவு, ஒவ்வொன்றையும் நின்று பார்க்கலாம்.

1. முதல் வருஷம் ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள்: வெல்வெட் ஷாங்க். பட்டுப்போன எல்ம், வில்லோ, ஆஷ் மரங்களில் கொத்துக் கொத்தாக வரும். ஆரஞ்சுக் குடை, ஈரத்தில் வழவழக்கும். காம்பு அடியிலிருந்து கறுத்து, தடவினால் வெல்வெட் துணி மாதிரி இருக்கும். வளையம் கிடையாது. உறைபனியில் விறைத்துக் கிடந்தாலும், பனி இளகியதும் மறுபடி வித்து உதிர்க்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை வருகிறது. கடையில் வெள்ளை நூலாக விற்கும் எனோக்கி இதன் நெருங்கிய சொந்தம்தான்.

2. அதே கட்டையில் ஃபியூனரல் பெல்லும் முளைக்கலாம். பெயரே சாவுமணி. பழுப்புக் குடை, காம்பில் மெல்லிய வளையம். ஆனால் மழையில் வளையம் உதிர்ந்துவிடும். அதனால் வளையம் இல்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள். காம்பு கறுக்காத குஞ்சுக் காளானைத் தொடவே வேண்டாம்.

3. வித்துத்தூள் பார்க்காமல் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். காம்பை வெட்டிவிட்டு, பாதி கறுப்பு பாதி வெள்ளைத் தாளில் குடையைக் கவிழ்த்து, மேலே கிண்ணத்தை மூடி, ராத்திரி முழுக்க விடுங்கள். வெல்வெட் ஷாங்குக்குத் தூள் வெள்ளை. சாவுமணிக்குப் பழுப்பு.

4. கொத்தோடு அறுத்துக் கூடையில் போடாதீர்கள். ஒரு டிசம்பரில் நான் அறுத்த கொத்தில் ஒன்று வேறாக இருந்ததை வீட்டு மேஜையில்தான் கண்டேன். கூடை முழுவதையும் கொட்டினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு காம்பாகத்தான் எடுக்கிறேன்.

5. ஊதா நிற வுட் ப்ளூயிட்டை அடுத்த வருஷம் பார்க்கலாம். பச்சையாகத் தின்னக் கூடாது.

6. காட்டு வாசலில் பலகை இருந்தால் படியுங்கள். பறிக்கத் தடை என்றால் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

7. சமைப்பதற்கு முன் ஒரு காளானைத் தாளில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். சாவுமணியின் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. சாப்பிட்டு 6 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். நடுவில் குணமானதுபோல் தோன்றும்போதே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். சந்தேகம் வந்த உடனே, அந்த ஒரு காளானையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.