பகா எண்ணைக் கண்டறிதல்

மாட்டுங்காவிலுள்ள வணிகர் செம்பூரிலுள்ளவருக்குக் கைப்பேசி வழியே பணம் அனுப்புகிறார். இத்தகைய செய்திகளைப் பிறர் அறியாவண்ணம் காக்கும் முறைகளுள் ஒன்று, நூற்றுக்கணக்கான இலக்கங்களுடைய இரு பகா எண்களின் பெருக்கற்பலனை ஆதாரமாகக் கொண்டது. பகா எண் என நம்பியது பகு எண்ணாக இருந்துவிடின் காவல் பழுதுபடும். எனவே ஒரு பேரெண் பகா எண்தானா என்று அறிவது எங்ஙனம்?

சிறு எண்ணாயின், அதன் வர்க்கமூலம் வரையுள்ள எண்களால் வகுத்துப் பார்க்கலாம். 100 இலக்க எண்ணுக்கோ 50 இலக்க எண்கள் வரை வகுக்க நேரும். இது எந்தக் கணிப்பொறிக்கும் இயலாது.

பெர்மா என்னும் பிரெஞ்சு அறிஞர் 1640இல் ஓர் உண்மையைக் கூறினார். ஒரு பகா எண்ணால் வகுபடாத எந்த எண்ணையும், அப்பகா எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி அதனால் வகுப்பின் மீதி 1 ஆகும். 2இன் 6ஆம் அடுக்கு 64. அதை 7ஆல் வகுக்க மீதி 1. 2இன் 8ஆம் அடுக்கு 256; அதை 9ஆல் வகுக்க மீதி 4. ஆகவே 9 பகா எண் அன்று.

ஆனால் இச்சோதனை ஏமாற்றுவதும் உண்டு. இராமானுஜன் பெயரோடு இணைந்த 1729ஐ நோக்குக. அது 7, 13, 19 ஆகியவற்றின் பெருக்கற்பலன். 1728 என்பது 6, 12, 18 ஆகிய மூன்றாலும் வகுபடும். ஆதலால், இம்மூன்று பகா எண்களாலும் வகுபடாத எந்த எண்ணை 1728ஆம் அடுக்குக்கு உயர்த்தினும், 1729ஆல் வகுக்க மீதி 1 வரும். பகு எண் பகா எண்ணாக வேடமிடுகின்றது! இத்தகைய எண்கள் முடிவற்றவை என 1994இல் நிரூபிக்கப்பட்டது.

ஐயமற்ற, விரைவான பொதுச் சோதனையை 2002 ஆகஸ்டில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோர் வெளியிட்டனர். (1+x)இன் 5ஆம் அடுக்கை விரிப்பின், இடைக் கெழுக்கள் 5, 10, 10, 5. யாவும் 5ஆல் வகுபடும். 4ஆம் அடுக்கில் 4, 6, 4. இவற்றுள் 6 என்பது 4ஆல் வகுபடாது. பகா எண்ணுக்கு மட்டுமே உரிய இப்பண்பில் வேடத்திற்கு இடமில்லை. முழு விரிவோ மிக நீண்டது. அதனைச் சிறியதொரு கோவையால் வகுத்து, மீதியை மட்டும் ஆராய்ந்தாலே போதுமென்று அவர்கள் நிறுவினர்.

நடைமுறையில் இதனினும் விரைவான, மிகச் சிறிதளவே ஐயத்திற்கிடமான சோதனைகள் கையாளப்படுகின்றன. ஆயினும், விரைவும் உறுதியும் ஒருங்கே அமைதல் கூடும் என்பதை உலகுக்குக் காட்டியது கான்பூரே.