நண்பர்களைத் தேடிய பயணம்

ஜூன் விடுமுறை தொடங்கிவிட்டால் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் கூட்டம் நிரம்பி வழியும். ஜொகூர் பாருவுக்குச் செல்லும் பேருந்துகளிலும் கார்களிலும் பலவகை மக்கள் காத்திருப்பர். சிலர் பொருள் வாங்கச் செல்வர். சிலர் ஊர் சுற்றிப் பார்க்கச் செல்வர். ஈப்போவில் இருக்கும் பாட்டியையோ கோலாலம்பூரில் இருக்கும் பழைய நண்பரையோ பார்க்கச் செல்பவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பர்.

உட்லண்ட்ஸில்தான் சிங்கப்பூர் அமெரிக்கப் பள்ளியும் அமைந்துள்ளது. அங்குப் படிக்கும் மாணவர்களின் குடும்பங்கள் பலவும் விடுமுறையில் வெவ்வேறு திசைகளில் புறப்படுகின்றன. சொந்த நாட்டை விட்டு வேறொரு நாட்டில் வாழ்பவருக்கு நண்பர்கள் ஒரே ஊரில் இருப்பதில்லை. ஒருவர் லண்டனில் இருப்பார். இன்னொருவர் பாரிசில் இருப்பார். அத்தகையோர் விடுமுறையில் ஐரோப்பாவுக்குச் சென்றால், நண்பர்கள் வாழும் ஊர்களே அவர்களின் பயணத் திட்டமாக அமைந்துவிடுகின்றன.

சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் கடற்பாலம் 1924ஆம் ஆண்டு அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. அது திறக்கப்பட்ட 13 ஆண்டுகளுக்குப் பின், தாய்நாட்டை விட்டு அமெரிக்காவில் தங்கியிருந்த ஒரு தமிழ் இளைஞர் ஐரோப்பாவை நோக்கிப் புறப்பட்டார். அவர் பெயர் அ. கருப்பன் செட்டியார். ஏ. கே. செட்டியார் என்றும் ‘உலகம் சுற்றிய தமிழர்’ என்றும் தமிழர்கள் அவரை அறிவர்.

ஏ. கே. செட்டியார் 1911ஆம் ஆண்டு செட்டிநாட்டில் உள்ள கோட்டையூரில் பிறந்தார். அவர் பிறந்த நகரத்தார் சமூகத்தினர் பர்மா, மலாயா, இலங்கை முதலிய நாடுகளில் வணிகம் செய்துவந்தனர். அவர்கள் சென்ற ஊர்களில் கிட்டங்கிகள் இருந்தன. கிட்டங்கி என்பது கடையாகவும் தங்கும் இடமாகவும் பயன்பட்ட கட்டடம். சிங்கப்பூரின் மார்க்கெட் ஸ்திரீட்டிலும் அத்தகைய கிட்டங்கிகள் இருந்தன. எனவே, ஊரிலிருந்து கப்பலேறி வந்தவருக்கு உண்ண உணவும் படுக்க இடமும் கிடைத்தன. தெரிந்த மொழியில் பேசவும் ஆட்கள் இருந்தனர்.

ஆனால், ஏ. கே. செட்டியார் அந்தப் பழகிய வழியோடு நின்றுவிடவில்லை. பர்மாவின் ரங்கூனில் ‘தனவணிகன்’ என்னும் இதழின் ஆசிரியராகப் பணியாற்றிய அவர், பின்னர் ஜப்பானுக்குச் சென்று தோக்கியோவில் ஒளிப்படக் கலையைக் கற்றார். அதன்பின் அமெரிக்காவுக்குச் சென்று நியூயார்க்கிலும் அக்கலையைப் பயின்றார். தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் அவரை வரவேற்கக் கிட்டங்கி எதுவும் இல்லை. அங்கெல்லாம் பழக்கத்தால்தான் நட்பைத் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள். செட்டியார் நியூயார்க்கிலிருந்து அயர்லாந்தின் டப்ளின் நகரை நோக்கி ‘சமாரியா’ என்னும் கப்பலில் சென்றுகொண்டிருந்தார். அப்போது அவருக்கு 26 வயதுகூட நிறையவில்லை. அன்று காந்தியடிகளின் பிறந்தநாள். சுற்றிலும் அட்லாண்டிக் பெருங்கடல். அந்தப் பயணத்தில்தான், காந்தியடிகளின் வாழ்க்கையைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் தோன்றியது.

எண்ணம் எளிதாகத் தோன்றிவிட்டது. அதை நிறைவேற்றுவதோ மிகக் கடினமாக இருந்தது. காந்தியடிகள் இளமையில் லண்டனில் சட்டம் படித்தவர். 1893 முதல் 1914 வரை தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்து, அங்கிருந்த இந்தியர்களின் உரிமைக்காகப் போராடியவர். 1930ஆம் ஆண்டு இந்தியாவில் தண்டி யாத்திரையை நடத்தியவர். 1931ஆம் ஆண்டு வட்டமேசை மாநாட்டிற்காக மீண்டும் லண்டன் சென்றவர். திரும்பும் வழியில் சுவிட்சர்லாந்தில் எழுத்தாளர் ரோமன் ரோலந்தைச் சந்தித்தவர். இப்படி அவருடைய வாழ்க்கை மூன்று கண்டங்களில் பரவியிருந்தது. அவரைப் படம்பிடித்த ஒளிப்பதிவாளர்களும் பல நாடுகளைச் சேர்ந்தவர்களாக இருந்தார்கள்.

அந்தப் படச்சுருள்கள் ஒரே இடத்தில் இல்லை. செய்திப்படம் எடுக்கும் நிறுவனங்களிடம் சில இருந்தன. தனிமனிதர்களிடம் சில இருந்தன. அக்காலத்தில் பயன்பட்ட படச்சுருள் எளிதில் தீப்பற்றக்கூடியது. சரியாகப் பாதுகாக்காவிட்டால் தானாகவே சிதைந்தும் போகும். அவற்றை உரிய காலத்தில் தேடி எடுக்காவிட்டால், காந்தியடிகள் நடந்ததையும் சிரித்ததையும் பேசியதையும் பின்வரும் தலைமுறையினர் பார்க்க முடியாமலே போய்விடக்கூடும்.

வேறு தடைகளும் இருந்தன. அப்போது இந்தியா ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. காந்தியடிகளின் போராட்டத்தைக் காட்டும் படங்களுக்கு 1930களில் தடைகள் விதிக்கப்பட்டன. ஐரோப்பாவிலோ போர் மேகங்கள் சூழ்ந்திருந்தன. 1939ஆம் ஆண்டு செப்டம்பரில் இரண்டாம் உலகப் போரே மூண்டுவிட்டது. செட்டியாரிடம் அரசாங்கத்தின் ஆதரவு இல்லை. பெரிய படநிறுவனத்தின் பின்னணியும் இல்லை.

இருப்பினும் அவர் புறப்பட்டார். ஐரோப்பாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் காந்தியடிகளின் அடிச்சுவட்டைத் தேடிச் சென்றார். இன்று நண்பரின் வீட்டை அடைவதற்குள் பத்துச் செய்திகளைக் கைப்பேசியில் அனுப்பிவிடலாம். அன்று ஒரு கடிதம் கடல் கடந்து சென்று பதில் வர வாரக்கணக்கில் ஆகும். ஒரு நகரில் இறங்கினால், யாரிடம் படம் இருக்கும் என்று விசாரிக்க வேண்டும். அவரைச் சந்திக்க நேரம் கேட்க வேண்டும். முன்பின் அறியாத அவர், இளைஞர் ஒருவரின் சொல்லை நம்பிப் படச்சுருளைக் கொடுக்க வேண்டும். பணம் மட்டுமே இருந்தால் இந்த வேலை நடந்திருக்காது. பிறருடைய நம்பிக்கையைப் பெறும் பண்பும் தேவைப்பட்டது.

இந்தப் பணிக்காகச் செட்டியார் ஏறத்தாழ 100,000 மைல் பயணம் செய்தார். சுமார் 100 ஒளிப்பதிவாளர்கள் 30 ஆண்டுகளில் எடுத்த படச்சுருள்களிலிருந்து 50,000 அடி அளவுக்குத் திரட்டினார். ஒலிப்படத்தின் வழக்கமான வேகத்தில் ஓடவிட்டால், அவற்றைப் பார்த்து முடிக்க 9 மணி நேரத்திற்கு மேல் ஆகும்! அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்துத் தொகுத்த ஆவணப்படம் 1940ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தமிழ் விளக்கவுரையுடன் சென்னையில் திரையிடப்பட்டது. பின்னர், இந்தியா விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில் இந்தி விளக்கவுரையுடனும், 1953ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆங்கில விளக்கவுரையுடனும் அப்படம் வெளிவந்தது.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த படத்தின் தமிழ்ப் பிரதி பிற்காலத்தில் கிடைக்காமல் போனது வருந்தத்தக்கது. பல ஆண்டுகளுக்குப் பின், வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி அதன் ஆங்கில வடிவத்தின் பிரதி ஒன்றை அமெரிக்காவில் கண்டறிந்தார். படச்சுருள்களைத் தேடிச் சென்றவரின் படத்தையே இன்னொருவர் தேடிச் செல்ல நேர்ந்தது.

ஆனால், செட்டியாரின் எழுத்துகள் தொலைந்துபோகவில்லை. ‘உலகம் சுற்றும் தமிழன்’, ‘மலேயா முதல் கனடா வரை’, ‘கரிபியன் கடலும் கயானாவும்’ முதலிய நூல்களில் தம் பயணங்களை அவர் எழுதியுள்ளார். 1943ஆம் ஆண்டு ‘குமரி மலர்’ என்னும் இதழைத் தொடங்கி, 1983ஆம் ஆண்டு தாம் மறையும்வரை நடத்தினார். காந்தி படத்திற்காக அலைந்த அனுபவங்கள் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்ற பெயரில் நூலாகத் தொகுக்கப்பட்டுள்ளன.

அவருடைய பயணக் கட்டுரைகளுக்கென்று ஒரு தனித்தன்மை உண்டு. அவற்றில் ‘நான்’ என்னும் பெருமை தலைகாட்டுவதில்லை. உயர்ந்த கோபுரங்களையும் அரண்மனைகளையும்விட மனிதர்களே அவருடைய கண்ணில் பட்டனர். அவர்கள் எப்படிப் பேசுகிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள், அயலவரை எப்படி நடத்துகிறார்கள் என்பவற்றையே எளிய நடையில், மெல்லிய நகைச்சுவையோடு எழுதினார்.

சுற்றுலாத் தலத்திற்குச் செல்பவர் அந்த இடத்தைப் பார்க்கிறார். நண்பரின் வீட்டுக்குச் செல்பவர் அந்த ஊர் எப்படி வாழ்கிறது என்பதைப் பார்க்கிறார். காலையில் அவர்கள் என்ன உண்கிறார்கள், முதியோரை எப்படி அழைக்கிறார்கள், எதைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள் என்பவற்றையெல்லாம் விடுதி அறையில் இருந்துகொண்டு தெரிந்துகொள்ள முடியாது. ஆனால், விருந்தினருக்கும் சில கடமைகள் உண்டு. வருவதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அந்த வீட்டின் பழக்கங்களை மதிக்க வேண்டும். திரும்பி வந்தபின் நன்றி சொல்ல மறக்கக் கூடாது.

அடுத்த விடுமுறையிலும் உட்லண்ட்ஸில் வரிசை நீளும். அந்த வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரின் கையிலும் கடப்பிதழ் இருக்கும். மறுகரையில் காத்திருக்கும் ஒருவரின் பெயர் சிலருடைய மனத்தில் இருக்கும். அவர்களுடைய பயணம் கடற்பாலத்தோடு முடிந்தாலும், ஐரோப்பாவரை நீண்டாலும், அதுவும் ஏ. கே. செட்டியார் சென்ற வழியே.

அருஞ்சொற்பொருள்

ஆவணப்படம் – உண்மை நிகழ்வுகளைத் தொகுத்துக் காட்டும் படம்
படச்சுருள் – காட்சிகள் பதிவான நீண்ட சுருள்
அடிச்சுவடு – நடந்து சென்ற கால்தடம். ஒருவர் சென்ற வழி
பிரதி – படி
அயலவர் – வேற்றூரார்

வினாக்கள்

1. வெளிநாட்டில் வாழ்வோரின் விடுமுறைப் பயணத் திட்டம் எவ்வாறு அமைகிறது?
2. கிட்டங்கிகள் நகரத்தார்க்கு எவ்வாறு உதவின?
3. காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்கள் பல நாடுகளில் சிதறிக் கிடந்ததற்குக் காரணம் என்ன?
4. செட்டியார் எதிர்நோக்கிய தடைகளில் மூன்றை உங்கள் சொந்த நடையில் எழுதுக.
5. ‘பணம் மட்டுமே இருந்தால் இந்த வேலை நடந்திருக்காது.’ இக்கூற்றை விளக்குக.
6. நீங்கள் உறவினர் அல்லது நண்பர் வீட்டில் தங்கியபோது அந்த ஊரைப் பற்றிப் புதிதாக அறிந்துகொண்டது என்ன? குழுவில் கலந்துரையாடுக.