கொல்லையில் ஒரு முசுக்கொட்டை மரம்

திருச்சியிலிருந்து கரூர் செல்லும் சாலையில், காவிரியின் தென்கரையில் உள்ளது ஜீயபுரம். இப்பகுதியில் வயலில் நெல்லும் வாழையும், வீட்டுக் கொல்லையில் தென்னையும் முருங்கையும் பப்பாளியும் வழக்கமாகக் காணப்படுபவை. இவற்றோடு ஒரு முசுக்கொட்டை மரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். மல்பெரி என்றால் பலருக்கும் உடனே புரியும். சளிக்கு அடை செய்து உண்ணும் முசுமுசுக்கைக் கொடி வேறு. பெயரைக் கேட்டுக் குழம்ப வேண்டாம்.

முசுக்கொட்டையைப் பட்டுப்புழுவின் தீவனமாக மட்டுமே அறிந்தவர்கள் அதிகம். இதன் பழம் மிக மென்மையானது. பறித்தால் ஓரிரு நாளில் கசிந்து கெட்டுவிடும். ஆகவே கடைக்கு வருவது அரிது. மரம் வைத்திருக்கும் வீட்டாருக்கே பழம் கிட்டும். ஆனால் ஆசையோடு நட்டவர்களில் சிலர், "மரம் தழைத்து நிற்கிறது, பழத்தைத்தான் காணோம்" என்று குறைப்படுவதுண்டு. குறை பெரும்பாலும் நட்ட குச்சியிலோ கவாத்திலோ இருக்கும்.

முசுக்கொட்டையில் ஆண் பூவும் பெண் பூவும் பெரும்பாலும் தனித்தனி மரங்களில் தோன்றும். விதையில் முளைத்த கன்று ஆணா பெண்ணா என்பது பூக்கும் வரை தெரியாது. ஆகையால் பழம் காய்த்த மரத்தை நேரில் கண்டு, அதிலிருந்தே குச்சி எடுக்க வேண்டும். பட்டு வளர்ப்போர் நெடுங்காலமாகப் பயிரிட்டு வரும் கண்வா-2, நம் நாட்டு இனமான மோரஸ் இண்டிகாவைச் சேர்ந்தது. ஓசூர்ப் பக்கத்துப் பட்டுத் தோட்டங்களில் குச்சி எளிதில் கிடைக்கும். எனினும் அங்கு ஏறத்தாழ 70 நாட்களுக்கு ஒருமுறை தழைக்காக வெட்டிவிடுவதால், செடி காய்க்கும் தன்மையுடையதா என்பது பார்வைக்குப் புலப்படாது. தோட்டக்காரரைக் கேட்டறிவது நல்லது.

எட்டு முதல் பன்னிரண்டு மாதம் முதிர்ந்த கிளையில் விரல் பருமனுள்ள, 15 முதல் 20 செ.மீ. நீளமுள்ள, மூன்று நான்கு பருக்கள் கொண்ட குச்சிகளைச் சீவிக்கொள்ளவும். ஒரு பரு மட்டும் மண்ணுக்கு மேலே தெரியும்படி பையில் சற்றுச் சாய்வாக நட்டு, நிழலில் வைத்து நீர் தெளித்து வரவேண்டும். பரு தலைகீழாகிவிடாமல் பார்த்துக்கொள்ளவும். ஆடியில் வைத்த குச்சி ஐப்பசியில் நடவுக்குத் தயாராகிவிடும்.

இடம் தேர்வதில்தான் ஆற்றங்கரைக் கொல்லைக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். முசுக்கொட்டை ஈரத்தை விரும்பும். ஆனால் தேங்கிய நீரில் வேர் அழுகும். வாய்க்கால் ஓரத் தாழ்வான கொல்லைகளில் ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு அமைத்து நடுவது உத்தமம். மேல்மண்ணோடு ஒரு கூடை மக்கிய தொழுஉரம் கலந்து இடவும். தென்னை நிழலில் வைத்தால் இலைதான் மிஞ்சும். சுவரிலிருந்து பத்தடி தள்ளியும், துணி உலர்த்தும் கொடிக்கு எட்டாமலும் நடவும். இதன் கறை எளிதில் போகாது!

வேர் நன்கு பிடித்தபின் கவாத்தே முக்கிய வேலை. முந்தைய பருவத்துக் கிளையிலுள்ள பருக்கள் விழித்து எழும்பும் புதுத்தளிரின் அடியில்தான் பூ தோன்றுகிறது. எனவே ஒரு காய்ப்பு முடிந்ததும் கிளைகளின் நுனியை மூன்றில் ஒரு பங்கு வெட்டி, மிஞ்சிய இலைகளை உருவிவிட்டு, உரமிட்டு நீர் பாய்ச்சினால் சில வாரங்களில் தளிரும் பூவும் சேர்ந்தே வரும். அடிக்கடி ஒட்ட வெட்டினால் பழம் கனிய இடமிராது. வெட்டாமலே விட்டாலோ மரம் கைக்கு எட்டாத உயரம் போய்விடும்.

தமிழகத்தில் 2008இல் முதன்முதலாகக் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளியோடு முசுக்கொட்டையையும் கடுமையாகத் தாக்கியது. 2010இல் வெளிநாட்டிலிருந்து தருவித்து விடப்பட்ட ஒட்டுண்ணிக் குளவியால் அதன் கொட்டம் அடங்கியது. நஞ்சு மருந்து தெளித்தால் குளவியும் மடியும், பழத்தைத் தின்னும் குழந்தைக்கும் கேடு. மாவுப்பூச்சி படிந்த நுனிகளை வெட்டி எரித்துவிட்டு, மீன் எண்ணெய் சோப்புக் கரைசல் தெளித்தாலே போதும். ஐயமிருந்தால் அருகிலுள்ள சிறுகமணி வேளாண்மை அறிவியல் நிலையத்தில் கேட்கலாம்.

பழம் கறுத்ததும் காலையிலேயே பறித்துவிட வேண்டும். அடியில் பழைய புடவையை விரித்துக் கிளையை மெல்ல உலுக்கினால் கனிந்தவை மட்டும் உதிரும். தாமதித்தால் குயிலும் மைனாவும் முந்திக்கொள்ளும். கவாத்தில் விழும் தழையை ஆடுகள் ஆவலாகத் தின்னும்.