காட்டுத்தீயை அளந்த அறிஞர்

நரிக்குடியும் திருச்சுழியும் வானம் பார்த்த பூமிகள். ஐப்பசி மழையில் தழைத்து நிற்கும் கண்மாய்க்கரைப் புல், சித்திரை வெயிலில் சருகாகிவிடும். மழைக்காலத்தில் கொள்ளியை எறிந்தாலும் பற்றாத அப்புல், கோடையில் ஒரு பொறி பட்டதும் பற்றி எரியும். புல் ஒன்றே, அதனுள் இருக்கும் ஈரமே வேறு. ஆடு மேய்க்கும் சிறுவனும் அறிந்த இவ்வுண்மையை அளந்து, அவ்வளவையே தீயை எதிர்ப்போர்க்குப் படைக்கலமாக்கித் தந்தவர் ஒருவர் உளர். அவரே ஹாரி கிஸ்போர்ன் என்னும் அமெரிக்க அறிஞர்.

அமெரிக்காவின் வடமேற்கில் ஐடகோ, மான்டானா என்னும் மாநிலங்கள் உள்ளன. 1910ஆம் ஆண்டில் அங்கே மூண்ட பெருந்தீயில் ஏறத்தாழ 30 இலட்சம் ஏக்கர் காடு எரிந்தது. எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தீ எந்நாளில் மூளும், எவ்வளவு விரைவில் பரவும் என்பவற்றை அக்கால வனக்காவலர் பட்டறிவால் ஊகித்தனர். ஊகம் பொய்த்த நாளில் காடும் உயிரும் அழிந்தன.

1893ஆம் ஆண்டில் பிறந்த கிஸ்போர்ன், வனவியல் கற்று, 1922ஆம் ஆண்டில் ஐடகோவிலுள்ள பிரீஸ்ட் ரிவர் ஆய்வு நிலையத்தில் தீ ஆராய்ச்சியை மேற்கொண்டார். மரக்குச்சிகளைக் காட்டில் வெயிலிலும் பனியிலும் வைத்து எடை போட்டார். எடை கூடினால் ஈரம் மிகுதி. குறைந்தால் காடு காய்கிறது என்பது பொருள். இதனோடு காற்றின் வேகத்தையும் காற்றிலுள்ள ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டார்.

அக்கணக்குகள் ஏட்டில் உறங்குவதை அவர் விரும்பவில்லை. புகைப்படக்காரர் ஒளியை அளக்கும் கருவியை முன்மாதிரியாகக் கொண்டு, சட்டைப்பையில் அடங்கும் 'தீ அபாயமானி' ஒன்றை 1930களின் தொடக்கத்தில் அமைத்தார். அளவுகளை அதில் பொருத்தினால் அன்றைய அபாயத்தின் தரம் தெரியும். அதற்கேற்பக் காவலரை நிறுத்துவது வன அதிகாரிக்கு எளிதாயிற்று.

1949 ஆகஸ்டு 5ஆம் நாள், மான்டானாவின் மான் கல்ச் பள்ளத்தாக்கில் தீயணைக்கச் சென்றோருள் 13 பேர் மாண்டனர். கீழே எரியும் தீயின் வெப்பம் மேலேயுள்ள புல்லை முன்னரே உலர்த்திவிடும். ஆதலின் சரிவில் ஏறும் தீ, ஓடும் மனிதரினும் விரைவு கொள்ளும். அத்தீ நடந்துகொண்ட வகையை நேரிற்கண்டு ஆராய விழைந்தார் கிஸ்போர்ன். அவரோ இருதய நோயாளி. ஆயினும் நவம்பர் 9ஆம் நாள், வன அதிகாரி ஒருவருடன், இளைப்பாறி இளைப்பாறி அம்மலையில் ஏறினார். தாம் முன்னர்க் கொண்டிருந்த கருத்து அங்கே கண்ட சான்றுகளோடு பொருந்தவில்லை. அதற்காக அவர் வருந்தினாரல்லர். உண்மையை நெருங்கினோம் என்றே மகிழ்ந்தார். திரும்பும் வழியிலேயே அவர் உயிர் பிரிந்தது.

அவர் தொடங்கிய பணி நிற்கவில்லை. 1960ஆம் ஆண்டில் மான்டானாவின் மிசூலா நகரில் தீ ஆராய்ச்சிக்கூடம் ஒன்று எழுந்தது. தீ பரவும் வேகத்தைக் கணிக்கும் முறையை, அங்குப் பணியாற்றிய ரிச்சர்டு ராதர்மெல் 1972ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

நம் நாட்டிலும் இவ்வறிவு வேண்டப்படுவதே. 2018 மார்ச்சு 11ஆம் நாள், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலைச்சரிவில் மூண்ட தீ, மலையேறச் சென்ற பலரின் உயிரைக் கொண்டதன்றோ! காய்ந்த புல்லைக் கண்டு அஞ்சுவது பட்டறிவு. அதன் ஈரத்தை அளப்பது ஆராய்ச்சி. இரண்டும் கைகோத்த இடத்தில்தான் உயிர்கள் காக்கப்படும்.