விக்கியிடம் கேள்வி கேட்பது எப்படி?

விருதுநகர் மாவட்டத்தில் பிறந்து, மாநில ஆட்சிப் பொறுப்பை ஏற்றவர்கள் யார் யார்? உங்கள் வரலாற்று ஆசிரியரைக் கேளுங்கள். இரண்டு பெயர்களை உடனே சொல்லிவிடுவார். ஒருவர் 1898-இல் இராஜபாளையத்தில் பிறந்து, 1949 முதல் 1952 வரை ஆட்சி நடத்திய பூ. ச. குமாரசாமி ராஜா. மற்றவர் 1903-இல் விருதுநகரில் பிறந்து, 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்த காமராஜர்.

இதே கேள்வியைக் கணிப்பொறியிடம் கேட்டால்? விக்கிப்பீடியாவில் இருவரைப் பற்றியும் கட்டுரைகள் உண்டு. ஆனால் அவை உரைநடை. 'இராஜபாளையத்தில் பிறந்தார்', 'சொந்த ஊர் இராஜபாளையம்' என்று ஒரே செய்தியைப் பலவிதமாக எழுதலாம். நமக்குப் பொருள் விளங்கும். கணிப்பொறிக்கோ அவை வெறும் எழுத்துக் கோவைகள். போதாததற்கு, இராஜபாளையம் என்பது ஊரின் பெயர் மட்டுமன்று. புகழ்பெற்ற வெள்ளை நாயினத்தின் பெயரும் அதுவே! ஊரைத் தேடப் போய் நாயைப் பிடித்து வந்தால் என்ன செய்வது?

இத்தொல்லையைத் தீர்க்கவே 2012-இல் விக்கித்தரவு தொடங்கப்பட்டது. அதில் செய்திகள் மூன்று உறுப்புகள் கொண்ட சிறு கூற்றுகளாக எழுதப்படுகின்றன:

குமாரசாமி ராஜா – பிறந்த இடம் – இராஜபாளையம்
இராஜபாளையம் – அமைந்துள்ள பகுதி – விருதுநகர் மாவட்டம்

ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. 'தமிழ்நாடு' என்பது கியூ1445. 'மனிதன்' கியூ5. 'பிறந்த இடம்' என்னும் பண்பு பி19. 'அமைந்துள்ள பகுதி' பி131. ஊருக்கு ஓர் எண், நாய்க்கு வேறோர் எண். ஸ்ரீவில்லிபுத்தூர் என்று எழுதினாலும் திருவில்லிபுத்தூர் என்று எழுதினாலும் எண் ஒன்றே.

இனிக் கேள்விக்கு வருவோம். தேர்வுத் தாளில் 'கோடிட்ட இடத்தை நிரப்புக' என்று வருமே, ஏறக்குறைய அதுதான் இதுவும்.

?ஆள் – பி19 – ?ஊர்
?ஊர் – பி131 – விருதுநகர் மாவட்டம்
?ஆள் – பி39 – முதலமைச்சர் பதவி

கேள்விக்குறியிட்டவை கோடிட்ட இடங்கள். ஒரே பெயருள்ள கோடுகளில் ஒரே விடை பொருந்த வேண்டும் என்பதே விதி. பி39 என்பது வகித்த பதவி. மூன்று வரிகளும் ஒருசேர மெய்யாகும்படி கோடுகளை நிரப்பும் வேலை கணிப்பொறியுடையது. இவ்வாறு வினவும் மொழிக்கு ஸ்பார்க்கில் என்று பெயர், 2008-இல் தரப்படுத்தப்பட்டது. மேலே உள்ளது அதன் எலும்புக்கூடுதான். எனினும் ?ஊர் போன்ற பெயர்களை அம்மொழியில் தமிழிலேயே எழுதலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஊருக்கும் மாவட்டத்துக்கும் இடையில் வட்டம் என்ற படி இருந்தால் இரண்டாம் வரி பொருந்தாது. அப்போது பி131-க்குப் பின் ஒரு நட்சத்திரக் குறி இடுவார்கள். 'எத்தனை படி ஏறினாலும் சரி' என்று பொருள்.

ஆனால் பொறுங்கள். விருதுநகர் மாவட்டம் உருவானது 1985 மார்ச் 15-இல்தான். நம் தலைவர்கள் இருவருமே பிறந்தபோது அப்படி ஒரு மாவட்டம் இல்லை! இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. அவ்வாண்டு இராமநாதபுரம் மாவட்டம் அமைந்தபோது அதில் சேர்ந்தன. எனவே 'விருதுநகர் மாவட்டத்தில் பிறந்தவர்' என்ற கேள்விக்கே இரு பொருள்கள் உள்ளன: இன்று அம்மாவட்டத்தில் உள்ள ஊரில் பிறந்தவரா, அன்றே அம்மாவட்டத்தில் பிறந்தவரா?

இதற்கும் வழி உண்டு. ஒரு கூற்றுடன் தொடக்க நாளையும் (பி580) முடிவு நாளையும் (பி582) அடைமொழியாக இணைக்கலாம். ஒரே ஊருக்கு மூன்று மாவட்டக் கூற்றுகளை எழுதி, இன்றையதற்கு முன்னுரிமைத் தரம் அளிக்கலாம். ஆனால் கேள்வியைச் சுருக்க வடிவில் கேட்டால், முன்னுரிமை பெற்ற கூற்று மட்டுமே வரும். பழையவை ஓசையின்றி மறைந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. வரலாறு கேட்பவர் நீண்ட வடிவில், நாள்களையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருள் மீடியாவிக்கி. அதற்குப் புதிய திறமை ஊட்ட எழுதும் துணை நிரல் நீட்சி எனப்படும். படிப்பவர் ஓர் ஊரின் பெயரைத் தட்டினால் அங்கே பிறந்தவர்களைப் பட்டியலிடும் நீட்சி ஒன்றை நீங்கள் எழுதுவதாகக் கொள்வோம். அவர் தட்டியதை அப்படியே வினாவுடன் ஒட்டாதீர்கள். விஷமி ஒருவர் ஊர்ப் பெயருக்குப் பதிலாக ஒரு மேற்கோள் குறியையும் அதன்பின் ஒரு கட்டளையையும் தட்டினால், பெயர் அங்கேயே முடிந்து, கட்டளை வினாவின் பகுதியாகிவிடும். விக்கியின் சொந்தத் தகவல் தொகுப்பே அழியக்கூடும்! மதிப்பை வினாவிலிருந்து பிரித்துத் தனியே கொடுக்க மீடியாவிக்கியில் ஏற்பாடு இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

விக்கித்தரவின் வினா நிலையம் ஒரு வினாவுக்கு 60 வினாடியே ஒதுக்குகிறது. பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொருவருக்காகவும் மீண்டும் மீண்டும் அதைத் தொந்தரவு செய்வது முறையன்று. வந்த விடையைச் சேமித்து வைத்து, குறித்த காலம் கழித்துப் புதுப்பித்தால் போதும்.

கடைசியாக ஒன்று. நீங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று தட்டியும் விடை வெறுமையாக வருகிறது என்று வையுங்கள். அங்கே எவரும் பிறக்கவில்லை என்றா பொருள்? ஒருவரும் இன்னும் எழுதிச் சேர்க்கவில்லை என்றும் இருக்கலாமே. இரண்டையும் கணிப்பொறி பிரித்துச் சொல்லாது. ஆகவே உங்கள் நீட்சி அவ்வேளையில் 'எவரும் இல்லை' என்று அச்சிடக் கூடாது. 'பதிவு எதுவும் கிடைக்கவில்லை' என்று அச்சிட்டு, பக்கத்திலேயே 'சேர்க்க' என்றொரு பொத்தானையும் வைக்கலாம்.