கருக்கலைப்புக்குப் பின்: வீடு திரும்பும் முன்பே எடுக்க வேண்டிய முடிவு

கருக்கலைப்புச் சிகிச்சை முடிந்து புறப்படும் இளம்பெண்கள் பலர் எங்களிடம் கூறுவது இது: "அடுத்த மாதவிடாய் வரட்டும் டாக்டர், அதன் பிறகு கருத்தடை பற்றிக் கேட்டுக்கொள்கிறோம்." இவ்வாறு சென்றவர்களுள் சிலர், அந்த மாதவிடாயைக் காணாமலேயே மீண்டும் கருவுற்று எங்களிடம் வருகின்றனர். அது அவர்களுடைய கவனக்குறைவு அன்று. உரிய நேரத்தில் உரிய தகவல் அவர்களைச் சென்றடையவில்லை என்பதே உண்மை.

கருமுட்டை முந்திக்கொள்ளும்

முதல் மூன்று மாதங்களுக்குள் கருக்கலைப்பு நிகழ்ந்தால், அடுத்த கருமுட்டை இரண்டு வாரங்களுக்குள் வெளிப்படலாம். சிலருக்கு எட்டு, பத்து நாட்களிலேயே வெளிப்படும். மாதவிடாய் அதற்குப் பிறகுதான் வரும். ஆகவே, மாதவிடாய்க்காகக் காத்திருப்பவர் கருத்தரிக்கும் நாட்களைப் பாதுகாப்பின்றிக் கடக்கிறார். குழந்தை வேண்டும் என்று விரும்புவோரும், உடல் தேற, அடுத்த கருவுக்குக் குறைந்தது ஆறு மாத இடைவெளி விடுவது நல்லது.

எதை, எப்போது தொடங்கலாம்?

காப்பர்-டி: அறுவை முறையில் கருக்கலைப்பு முடிந்தவுடனேயே பொருத்தலாம். மாத்திரை முறையில் எனில், கரு முழுமையாக வெளியேறியதை மறுபரிசோதனையில் உறுதிசெய்த பின் பொருத்த வேண்டும். நோய்த்தொற்று இருந்தால் அது குணமாகும்வரை கூடாது. குழந்தை பெறாதவர்களுக்கும் இது ஏற்றது. 380-ஏ வகை 10 ஆண்டுகள் பயன் தரும், விரும்பும்போது அகற்றலாம்.

அந்தரா ஊசி: மூன்று மாதங்களுக்கு ஒரு முறை. மாதவிடாய் ஒழுங்கற்றோ, வராமலோ போகலாம், அதனால் கேடில்லை. ஊசியை நிறுத்தியபின் கருத்தரிக்கச் சில மாதங்கள் தாமதமாகலாம்.

சாயா மாத்திரை: ஹார்மோன் இல்லாதது. முதல் மூன்று மாதங்கள் வாரம் இருமுறை, பின்னர் வாரம் ஒருமுறை. பாலூட்டும் தாய்மார்களும் உட்கொள்ளலாம்.

தினசரி மாத்திரை: அறுவை முறையில் எனில் அன்றே தொடங்கலாம், மாத்திரை முறையில் எனில் இரண்டாம் மருந்து உட்கொள்ளும் நாளிலேயே தொடங்கலாம். கைக்குழந்தைக்குப் பாலூட்டுவோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும்.

ஆணுறை: பால்வினை நோய்களிலிருந்தும் காப்பது, பிற முறைகளோடும் சேர்த்துப் பயன்படுத்தலாம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சுழற்சிப் பணிநேரத்தில் உழைக்கும் ஒரு பெண்ணுக்குத் தினமும் ஒரே நேரத்தில் மாத்திரை உட்கொள்வது கடினம். அவருக்கு ஊசியோ காப்பர்-டியோ எளிதாக இருக்கும். ஆவடியிலும் பூந்தமல்லியிலும் உள்ள வாசகர்கள் தொடர் சிகிச்சைக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இவை இலவசம்.

முடிவு அவருடையது

1971-ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டப்படி, 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதமே போதும். கணவரின் கையொப்பம் தேவையில்லை. 2021-இல் வந்த திருத்தம், கருத்தடை முறை தவறியதால் உண்டான கருவைக் கலைக்கும் உரிமையைத் திருமணமாகாதவருக்கும் அளித்தது. அவரது விவரங்களைச் சட்டம் அனுமதிப்போர் தவிர எவரிடமும் வெளியிடுவது குற்றம். கருத்தடைக்கு இசைந்தால்தான் சிகிச்சை என்று எவரும் நிபந்தனை விதிக்கவும் கூடாது.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள்: "மறுபடியுமா?" என்ற ஒரு கேள்வி, அடுத்த முறை அவரை மருந்துக்கடையில் தானே மாத்திரை வாங்கத் தள்ளிவிடக்கூடும். மருத்துவர் மேற்பார்வையின்றி அம்மாத்திரைகளை உட்கொள்வது உயிருக்கே ஆபத்தாகலாம். சிகிச்சைக்குப் பின் மணிக்கு இரண்டு நாப்கின்கள் நனையும் அளவு உதிரப்போக்கு இரண்டு மணி நேரம் நீடித்தாலோ, காய்ச்சல், கடும் வயிற்றுவலி, துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் இருந்தாலோ உடனே அழைத்து வாருங்கள்.

ஒரு முறை ஒத்துவராவிட்டால் கைவிட்டுவிடாதீர்கள். வேறு முறைக்கு மாறலாம். அதைப் பேசித் தெளியவே நாங்கள் இருக்கிறோம். வீடு திரும்பும் முன் எங்களிடம் கேளுங்கள்.