பந்தல்குடித் தம்பிக்கு, ஹெரால்டு இன்ஜினைப் பற்றி



உன் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்திருப்பதாகவும், இன்ஜினை முழுக்கப் பிரித்துச் செய்யப்போகிறாய் என்றும் கேள்விப்பட்டேன். வண்டலூர் ஆலையிலிருந்து 1961 முதல் வெளிவந்த வண்டி அது. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அதன் இடத்துக்கு ஸ்டாண்டர்டு கேசல் கார் வந்துவிட்டது. நம் தமிழ்நாட்டில் செய்த காரைச் சொந்த இன்ஜினோடு பார்ப்பது இன்று அபூர்வம். மாருதி இன்ஜினைத் தூக்கி வைத்துவிட்டால் வேலை சுளுவு என்று யோசனை சொல்ல ஆள் வரும். கேட்காதே.

ஸ்பானரை எடுக்குமுன் ஒருவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லி, முன்னால் உள்ள கிராங்க் புல்லியைப் பார். அது நகர்வது கண்ணுக்கே தெரிந்தால் திரஸ்ட் வாஷர் போய்விட்டது. இந்த இன்ஜினுக்கு அதுதான் உயிர்நிலை. மூன்று மெயின் பேரிங்கில் கடைசிப் பேரிங்கின் இரு பக்கமும் அரைவட்டமாக ஒவ்வொரு வாஷர் உட்கார்ந்திருக்கும். கிளட்சை மிதிக்கிறபோதெல்லாம் சுமை அங்கே விழும். தேய்ந்து மெலிந்தால் நழுவிச் சம்புக்குள் விழுந்துவிடும். அப்புறம் கிராங்க் நேரே பிளாக்கையே அரைக்கும். அரைபட்ட பிளாக்கைத் தேற்றுவது பெரும்பாடு. புது வாஷரைப் போடும்போது காடி உள்ள முகம் கிராங்கைப் பார்த்து இருக்கட்டும். டயல் கேஜில் ஆட்டம் 0.1 மில்லிமீட்டருக்குக் குறையவும் வேண்டாம், 0.2ஐத் தாண்டவும் வேண்டாம். மெயின் பேரிங் கேப்களைக் கழற்றுமுன் பஞ்சால் அடையாளம் குத்திவிடு. இடம் மாறினால் கிராங்க் சுற்றாமல் இறுகிவிடலாம்.

அடுத்தது தண்ணீர். நம் பக்கம் சிமென்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற பூமி. போர்த் தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தில் வெள்ளை படிவது உனக்குத் தெரியாததா? இந்த வட்டாரத்திலேயே ஓடிய வண்டி என்றால் பிளாக்குக்குள்ளும் அதே கதைதான். உப்பும் துருவும் பின்பக்கம், நாலாம் சிலிண்டரைச் சுற்றி இறுகியிருக்கும். பக்கவாட்டு மூடித் தகடுகளைத் தட்டி எடுத்து, கம்பி விட்டுச் சுரண்டு. எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும், இதில் மட்டும் அவசரப்படாதே. எத்தனையோ இன்ஜின்கள் எல்லாம் புதிதாகப் போட்டும் சூடேறிச் செத்தது இந்த மூலையில்தான்.

லேத் வேலைக்கு வருவோம். 948 சிசி, போர் 63 மில்லிமீட்டர். மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்திலும், நெடுக்கிலும் குறுக்கிலும் நீயே அளந்து எழுதிக்கொள். தேய்மானம் சொற்பமென்றால் ஹோனிங்கும் புது ரிங்கும் போதும். போர் பண்ணியே ஆக வேண்டும் என்றால் ஓவர்சைஸ் இருபதில் (அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு) சுத்தமாகிற சிலிண்டரை முப்பதுக்குக் கொண்டுபோக விடாதே. நாளைக்கு இன்னொருவன் இதே பிளாக்கைத் திறப்பான், அவனுக்கும் இரும்பு மிச்சம் இருக்க வேண்டும். பிஸ்டன் கைக்கு வந்த பிறகே பிளாக்கைக் கொடு. கிடைக்காத சைஸுக்கு வெட்டிவிட்டுப் பிஸ்டன் தேடி அலைகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பூட்டி முடித்ததும் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் ஏறும்வரை சும்மா சுற்று. பிறகுதான் ஸ்டார்ட். அதற்கு முன்னால், அளவெடுத்த தாளைப் படம் பிடித்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்